பாதியாகக் கேட்ட வலி

கடைத்தெருவில் அவளுக்குப் பாதியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுக்க வேண்டிய தேவை வந்ததில்லை. துணி மில் ஏஜெண்டு விலை சொல்லி வாய் மூடுவதற்குள் இவள் அதில் பாதியைச் சொல்லிவிடுவாள். அவர் தலையில் கைவைத்துக்கொள்வார். சாம்பிள் பெட்டியைப் பூட்டுவார். படியிறங்கிச் செருப்பு மாட்டுவார். பிறகு அதே செருப்பைக் கழற்றிவிட்டு மேலேறி வருவார். பாதிக்குக் கொஞ்சம் மேலே எங்கோ ஓரிடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடிப்பார்கள்.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் கதை சொல்ல எனக்கு இங்கே வேலையில்லை. அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பலத்த மழை என்று ரேடியோ சொன்னால் தூறல் என்று எடுத்துக்கொண்டு கடை வாசலில் துணிச்சுருளை நிறுத்தி வைப்பாள். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் தன் மருமகளைத் தங்கம் என்றால், பித்தளை என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள். "ஊர்ல நாலு பேர் செத்துட்டாங்கன்னு சேதி வந்தா, இவ ரெண்டு பேருக்குத்தான் அழுவா" என்று அவள் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிப்பார்.

திரைச்சீலைக் கடை அது. கீழே கடை, ஆள் உயரத்துக்குத் துணிச்சுருள்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும், கல்யாண வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி. அதற்குப் பின்னால் சமையலறை. மரப்படி ஏறினால் தையல் அறையும் படுக்கை அறைகளும். படியில் நடுவில் ஒரு பலகை மிதித்தால் கத்தும். வீட்டுக்காரர் ஏணியும் துளைபோடும் மிஷினுமாக வீடு வீடாகப் போய்க் கம்பி மாட்டிவிட்டு, தலைமுடியெல்லாம் சுவர்ப்பொடியோடு திரும்புவார். மேலே தைப்பது பாதியம்மாவின் தங்கை. எல்லோருக்கும் அவள் சின்னவள். கல்யாணம் ஒன்று நடந்து, ஒத்துவராமல், தையல் மிஷினோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்தவள் தைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்காவின் மகனையும் தைத்து எடுத்துக்கொண்டாள் என்பதுதான் பாதியம்மாவின் கணக்கு.

மகனுக்குப் பதினாறு வயது. திடீரென்று உயர்ந்து, சதை போட மறந்து, திரை மாட்டும் கம்பி மாதிரி இருந்ததால் அப்பா வைத்த பெயர் கம்பி. கம்பிக்கு அம்மாவைப் பற்றி நன்றாகத் தெரியும். எது சொன்னாலும் அவள் பாதியாகக் கேட்பாள். ஆகவே எதையும் இரண்டு மடங்காகச் சொல்வான். "ம்மா, பசி உயிர் போகுது" என்றால் ஒரு பிஸ்கட் வேண்டும் என்று அர்த்தம். "இன்னிக்கு ஸ்கூல்ல மயக்கமே வந்துருச்சு" என்றால் நாளைக்கு லீவு போட விருப்பம். அவள் பாதியைக் கழிப்பாள், அவன் மல்லுக்கு நிற்பான், அரை நாள் லீவில் போய் முடியும். அம்மாவும் பிள்ளையும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு ருசி இருந்தது.

ஆனால் சித்தியிடம் அவன் பேரம் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே போவான். பாதியம்மா கடையில் உட்கார்ந்து கூரையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மிஷின் ஓடினால் வேலை நடக்கிறது. மிஷின் நின்றால் மகன் பேசுகிறான். வாடிக்கையாளருக்கு முழம் போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே மிஷின் நின்றுவிட்டால் இவள் கையில் துணி நழுவும்; முழம் மறந்து மறுபடி முதலிலிருந்து அளப்பாள். ஒருமுறை படியேறிப் போய்ப் பாதியில் நின்று காது கொடுத்தாள். பலகை கத்திவிட்டது. மேலே பேச்சு நின்று மிஷின் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு முழுவதும் அவள் வயிற்றில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்து போன மாதிரி இருந்தது.

பல் விஷயமும் அப்படித்தான் வந்தது.

"அக்கா, தம்பிக்குக் கீழ்ப்பல்லு ரொம்ப வலிக்குதாம். இடது பக்கம் கடைசிக்கு முன்னாடிப் பல்லு. கறுப்பா ஓட்டை விழுந்திருக்கு" என்று சின்னவள் ஒரு காலையில் சமையலறையில் வந்து சொன்னாள்.

"உன்கிட்ட எப்பச் சொன்னான்?"

"நேத்து."

"வாயைத் திறந்து காட்டினானா?"

"காட்டினான்."

பெற்றவளுக்கு முன்னால் இன்னொருத்தி மகன் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். பாதியம்மா கரண்டியைப் பாத்திரத்தில் ஓங்கி வைத்தாள். "எங்கிட்டயும்தான் சொன்னான், போன வாரமே. தாடையே கழண்டு விழுதுன்னான். பாதி கழிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தேறல."

ஆனாலும் அன்றைக்கே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "சித்தியும் வரட்டுமே" என்று கம்பி கேட்டான். "எதுக்கு, பல்லுக்கு ஓரம் அடிக்கவா?" என்றாள்.

பல் டாக்டரம்மா பொறுமையான பெண்மணி. அவர் ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரைகள் இவள் கடையில் வாங்கியவைதான். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனவர். அன்றிலிருந்து பாதியம்மாவுக்கு அவர்மேல் மரியாதை கொஞ்சம் குறைவு.

நாற்காலியில் கம்பி கால் நீட்டிப் படுத்திருந்தான். பாதங்கள் வெளியே தொங்கின. ரூட் கேனால் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு, வேர்வரை குடைந்து, அழுகியதை எடுத்து, கழுவி, மருந்து வைத்து மூடினார். கம்பி ஒரு கையால் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தான். மறு கையை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தன்னிடம் இருந்த நேரம் முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. பிள்ளைக்கு வலிக்கும்போது இப்படித் தோன்றலாமா என்றெல்லாம் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"இது முடியலம்மா" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றியபடி. "மேல தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். அடுத்த வாரம் வந்து நிரந்தரமா மூடணும். அதுக்கப்புறம் கேப் போடணும். அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது. மாத்திரையைச் சொன்ன நாள்வரைக்கும் சாப்பிடணும், நடுவுல நிறுத்தக் கூடாது."

"இன்னும் ரெண்டு தடவையா? ஒண்ணாச் சேத்து முடிச்சுடுங்களேன் டாக்டரம்மா. பழகின கடைதானே."

"சேத்தெல்லாம் செய்ய முடியாதும்மா."

"சரி, ஒரு வாரம்னு சொல்றீங்க. சீசன் நேரம். கொஞ்சம் தள்ளிப் போட்டா?"

டாக்டரம்மா சிரித்தார். "அதைப் பல்லோட வேர்கிட்டதான் கேக்கணும்."

பேரத்தில் சிரித்தவர்கள் இறங்கி வருவார்கள் என்பது பாதியம்மாவின் அனுபவம். கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று அந்தச் சிரிப்பைப் புரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாளில் வலி போய்விட்டது. கம்பி மறுபடி படியில் தாவி ஏறினான். பாதியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டுத் தன் கையாலேயே கொடுத்தாள், சின்னவள் பார்க்கும்படியாக. மாத்திரை பாதி அட்டை மிச்சமிருந்தது. "டாக்டருங்க எப்பவும் ரெண்டு மடங்காத்தான் எழுதுவாங்க. நாம கழிப்போம்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடினாள்.

அந்த வாரம்தான் புதிதாகத் திறக்கப்போகும் விடுதி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் இரட்டைத் திரை. வீட்டுக்காரர் விடிந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். துணிச்சுருள்கள் மேலே போவதும் திரைகளாக மடித்துக் கீழே வருவதுமாக வீடே ஆலை ஆனது. மேகம் மூடி, இறுக்கமாக, மழையும் பெய்யாமல், பசை போட்ட துணியின் வாசனை எல்லா அறையிலும் நின்றது.

"அக்கா, பல்லு டாக்டர்கிட்ட இன்னிக்குப் போகணும்ல?" என்று சின்னவள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

பாதியம்மாவுக்கு அது நினைவிலேயே இருந்தது. காலையில் எழுந்ததும் நினைத்தாள். மத்தியானம் கூட்டிக்கொண்டு போவதாகவும் இருந்தாள். சின்னவள் கேட்டதும் எல்லாம் மாறிவிட்டது. இப்போது போனால் தங்கை நினைவுபடுத்திப் பெற்றவள் போனதாக ஆகும்.

"என் பிள்ளையோட பல்லு எனக்குத் தெரியும். நீ விடுதித் துணியைப் பாரு."

அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரம் கம்பியே, "ம்மா, அடைச்சதுல ஓரமா ஒரு துண்டு பேந்துருச்சு" என்றான். "முழுசாவா போச்சு?" என்று கேட்டாள். "பாதி" என்றான். பாதி என்றால் கால் என்று கொண்டு, ஆர்டர் முடியட்டும் என்றாள்.

பிறகு ஒரு நாள் காலையில் கம்பி சமையலறையில் வந்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து முன்னால் வைத்தாள். அவன் ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தான். இடது தாடைக்குக் கீழே லேசாக உப்பியிருந்தது.

"என்னடா, வலிக்குதா?"

"கொஞ்சம்" என்றான். பல்லுக்கிடையில் சொன்ன மாதிரி இருந்தது.

கம்பி வாயிலிருந்து 'கொஞ்சம்' என்ற வார்த்தை அதற்கு முன் வந்ததே இல்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கணக்குப் போட்டே பழகிய புத்தி, கொஞ்சத்தில் பாதியைக் கழித்துப் பார்த்தது, ஒன்றுமே மிஞ்சவில்லை. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனாள்.

முற்பகல் முழுக்க மேலே மிஷின் ஓடவே இல்லை. விடுதி மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருக்கிறார், மேலே மிஷின் நின்று கிடக்கிறது. அப்படி என்ன பேச்சு? அம்மாவிடம் ஒரு வார்த்தை, 'கொஞ்சம்' என்று, சித்தியிடம் மணிக்கணக்காகவா?

பலகை கத்தியது. சின்னவள் இறங்கி வந்தாள். தோளில் அளவு நாடா, உதட்டில் குண்டூசிகள். அவற்றைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

"என்னவாம்?"

"வாயைத் திறக்க முடியல. ஒரு விரல்கூடப் போகாது. எச்சில் முழுங்க முடியாம துணியில துப்பிட்டே இருக்கான். காய்ச்சல் கொதிக்குது. குரலே மாறிப்போச்சு, சூடா எதையோ வாயில வெச்சுட்டுப் பேசுற மாதிரி."

"காலைல எங்கிட்ட கொஞ்சம்னான்."

"உன்கிட்ட கொஞ்சம்னுதான் சொல்ல முடிஞ்சுது. அதுக்கு மேல வாய் வரல."

"அது எப்படி? எங்கிட்ட வராத வாய் உன்கிட்ட மட்டும் வருதோ?"

கடையில் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் பூப்போட்ட துணியைத் தடவிக்கொண்டு நின்றாள். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, சண்டையை அப்புறம் போடு."

"நான் ஏன் சண்டை போடணும்? சின்ன வயசுலேர்ந்து இதே கதை. அப்பா எங்கிட்ட கணக்குக் கேப்பாரு, உன்கிட்ட கதை கேப்பாரு. வந்தவங்க போனவங்க எல்லாரும் உன்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க. இப்ப என் பிள்ளையும். உனக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும். நீ சொல்றதுல பாதியைத்தான் நான் நம்புவேன்."

"நான் என்னைக்காவது உன்கிட்ட விலை ஏத்திச் சொல்லியிருக்கேனாக்கா?"

இல்லை. அது பாதியம்மாவுக்குத் தெரியும். தங்கை நூல் வாங்கக் காசு கேட்டாலும் சரியாக நூலுக்கு மட்டும் கேட்பாள். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. கத்திரிக்கோலை மேஜைமேல் போட்டுவிட்டு, "நானே பாக்குறேன்" என்று படியேறினாள்.

தையல் அறையில் விடுதித் திரைகள் குவிந்து கிடந்தன. அதன் நடுவில் கம்பி முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான், கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு. காலடியில் வெட்டுத்துணிகள், எல்லாம் ஈரம். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் இல்லை. தோல் பளபளவென்று சிவந்து இறுகியிருந்தது.

அப்போதும் அவள் புத்தி முழுவதும் இறங்கி வரவில்லை. எத்தனை தடவை இந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறது, பரீட்சை நாட்களில்! ஒரு விலை வைத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம்டா. சரியா?"

கம்பி அவளைப் பார்த்தான்.

"ரெண்டு நாள் லீவு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வாரம் முழுக்க வேண்டும் என்பான். அவள் ஒரு நாள் என்று இறங்குவாள். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கம்பி ஒன்றும் சொல்லவில்லை. சரியென்று தலையை மட்டும் மெல்ல அசைத்துவிட்டு, மறுபடி குனிந்து, துணியை வாயில் வைத்துக்கொண்டான்.

இருபது வருடம் கடையில் உட்கார்ந்தவள் அவள். குறை சொல்லும் வாடிக்கையாளரைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. கத்துபவர், முகத்தைச் சுளிப்பவர், படியிறங்குபவர், எல்லோரும் திரும்பி வருவார்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேரம் பேசாமல், தலையாட்டிவிட்டு இருப்பவர் போகப்போகிறவர். அவரைப் பிடித்து நிறுத்த முடியாது.

"அடியே!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் வாடிக்கையாளர் அம்மாள் துணியைக் கீழே போட்டாள். "ஆட்டோவைக் கூப்பிடுடி! கடையை மூடு!"

ஆட்டோவில் கம்பியைப் படுக்கவைக்கப் பார்த்தாள். அவன் மூச்சு முட்டி எழுந்துகொண்டான். நடுவில் குனிந்து உட்கார்ந்தே வந்தான், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி. ஒரு குலுக்கலில் அவன் கை தடவிப் பிடித்தது யார் கையை என்று பாதியம்மா பார்த்தாள். இந்த நேரத்திலும் பார்த்தாள். தங்கையின் கை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்குக்குக் கீழே இருக்கும் சதையே வீங்கி மேலே எழும்பி வந்திருந்தது. அவர் முகம் மாறியது. யாரையோ போனில் அழைத்துக்கொண்டே கேள்விகளை அடுக்கினார்.

"பல்லுல ஏதாவது செஞ்சாங்களா?"

"ரூட் கேனால். பாதியில இருக்கு" என்றாள் பாதியம்மா.

"அடுத்த தடவை போகலையா?"

"போகல."

"ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பாங்களே, முழுசா சாப்பிட்டானா?"

சீசன் நேரம் என்று சொல்லலாம். பையன் மறந்துவிட்டான் என்று சொல்லலாம். விலையைக் கொஞ்சம் இறக்க வாயில் நாலைந்து வழி வந்து நின்றது. பக்கத்தில் தங்கை நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதிதான் சாப்பிட்டான் சார். நான்தான் போதும்னு நிறுத்தினேன்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். கம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, பேச வேணாம். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு? விரல்ல காட்டு."

கம்பி அம்மாவைப் பார்த்தான். பழக்கம். பத்து விரலையும் விரித்தான்.

பாதியம்மாவின் தலைக்குள் ஐந்து என்று ஒரு குரல் தானாகச் சொல்லியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "சார்" என்றாள். "எங்கிட்ட கூட்டிச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். என் தங்கச்சியைக் கேக்கச் சொல்லுங்க. அவகிட்ட நிஜத்தைச் சொல்லுவான்."

இருபது வருடத்தில் அவள் இந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துப் பேசியது யாருக்கும் நினைவில்லை. சின்னவள் அக்காவை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து, "தம்பி, எங்கிட்ட காட்டு" என்றாள்.

கம்பி விரல்களைப் பார்த்தான். ஒன்றை மடக்கினான். ஒன்பது நின்றது.

பேரத்துக்கென்று பிள்ளை ஒதுக்கி வைத்திருந்தது அந்த ஒரு விரல்தான். மற்றதெல்லாம் குறைக்க முடியாத அடக்க விலை.

"ஒன்பதுன்னே எழுதுங்க சார்" என்றாள் பாதியம்மா. "ஒண்ணும் குறைக்காதீங்க."

உள்ளே கொண்டு போனார்கள். பல்லிலிருந்து சீழ் தாடைக்கு அடியில் இறங்கிப் பரவியிருக்கிறது, இன்னும் வீங்கினால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும், வெளியே கழுத்துப் பக்கம் கீறிக் குழாய் வைத்து வடிக்க வேண்டும், அந்தப் பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மூச்சுக்கு முதலில் வழி செய்வதுதான் கஷ்டமான கட்டம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னபோது, பாதியம்மா கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

நடைவழி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிரே ஜன்னலில் சாயம் போன திரை ஒன்று ஒரு பக்கம் கொக்கி விட்டுத் தொங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, தூறல் இல்லை. கடை வாசலில் சுருள்கள் நனைந்துகொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் அது நினைவுக்கு வந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பாதியம்மா கேட்டாள். "அப்படி என்னடி செஞ்ச? என்ன மருந்து வெச்ச? எங்கிட்ட வராத வார்த்தை உன்கிட்ட எப்படி வருது?"

சின்னவள் சேலை முந்தானையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் செய்யலக்கா. ஓரம் மடிக்கிறப்ப வாய் நிறைய குண்டூசி இருக்கும். பேச முடியாது. பதிலுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுதான் சொல்றான். ஊசியை எடுத்துட்டு ஏதாவது சொன்னேன்னு வையி, எழுந்து போயிடுவான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஜன்னலைப் பாத்துப் பேசுற மாதிரி." அவள் குரலில் ஏதோ புளித்தது. "உனக்குத் தெரியுமா? சாயங்காலம் கீழே நீயும் அவனும் ஒரு பிஸ்கட்டுக்கு அரைமணி நேரம் கத்துவீங்க. நான் மேலே மிஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். எங்கிட்ட அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மல்லுக்கு நின்னிருக்கானா? வாங்கப் போற கடையிலதானேக்கா பேரம் பேசுவாங்க. எங்கிட்ட விலை கேட்டுட்டு அப்படியே நடந்து போயிடுறான்."

பாதியம்மா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் கூரைக்கு மேலேயும் ஒருத்தி காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அறுவை அறைக் கதவு மூடிக் கிடந்தது, பிள்ளை உயிர் உள்ளே இருந்தது, அந்த நேரத்திலும் பாதியம்மாவுக்கு அடிவயிற்றில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேனா இரண்டு கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் நனைந்து, தலையில் சுவர்ப்பொடி கரைந்து வடிய, ஓடி வந்தார். "என்ன ஆச்சு? ரொம்பவா?"

"ரொம்ப" என்றாள் பாதியம்மா. அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் வாயிலிருந்து அது முழுசாக வந்து அவர் கேட்டதில்லை.

கம்பி பிழைத்தான். சில நாள் மூக்கு வழியாக ஒரு குழாயும் கழுத்தோரம் ஒரு குழாயுமாகக் கிடந்தான். பேச முடிந்ததும் அவன் முதலில் சொன்னது, "ம்மா, வலி எட்டு" என்றுதான். அவள் ஒரு நொடிகூட நிற்காமல் செவிலியரைத் தேடி ஓடினாள். "எட்டுன்னு சொல்றான்மா, எட்டு, உடனே வாங்க" என்று அவள் வார்டு அதிரக் கத்த, பின்னாலிருந்து பயந்துபோன குரல் வந்தது: "ம்மா, ம்மா, நாலுதான்!"

வீட்டுக்கு வந்தபோது தாடைக்குக் கீழே ஒரு சிவந்த கோடு இருந்தது. உள்ளே ஒரு பல்லுக்கு இடம் காலி. மாத்திரை அட்டைகளை அவள் சுவரில் ஆணி அடித்து மாட்டி, கடைசி மாத்திரைவரை தன் கையால் கொடுத்தாள். பல் டாக்டரம்மா போன் செய்து விசாரித்தார். காலி இடத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், எப்போது வர வேண்டும் என்று சொல்கிறேன் என்றார். "நீங்க சொல்ற நாள்ல வரேன்" என்றாள் பாதியம்மா. பேசுவது யார் என்று டாக்டரம்மா மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

விடுதி வேலை இன்னும் மிச்சமிருந்தது. ஒரு மத்தியானம் அளவு சரிபார்க்கச் சின்னவள் அக்கா வீட்டுக்காரரோடு அங்கே போயிருந்தாள். மழை விட்டிருந்தது. கடையில் ஆளில்லை. பாதியம்மா மேலே போய்த் தங்கையின் முக்காலியில் உட்கார்ந்தாள். முடிக்காத திரை ஒன்றை மடியில் போட்டு ஓரத்தை மடித்தாள். பிறகு டப்பாவிலிருந்து குண்டூசிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். இரும்பு ருசி. எச்சில் ஊறியது. இப்படியா ஒருத்தி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்!

கம்பி வாசலில் வந்து நின்றான். "சித்தி எங்க?"

கையை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

அவன் அவள் வாயைப் பார்த்தான், ஊசிகளைப் பார்த்தான். போகவில்லை. துணிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒரு வெட்டுத்துணியை எடுத்து நூல் நூலாக உருவத் தொடங்கினான். அவள் ஒரு ஊசியைக் குத்தினாள், அடுத்ததைக் குத்தினாள். கோணலாகத்தான் போனது.

"அன்னிக்குக் காலைல" என்றான் கடைசியில், நூலைப் பார்த்துக்கொண்டே, "உன்கிட்ட பெருசாச் சொல்லலாம்னுதான் வந்தேன். அவ்வளவு பெருசா வாய் திறக்க முடியல. இப்படியே சொன்னா நீ பாதின்னு எடுத்துப்பியேன்னு... பயமா இருந்துச்சும்மா. செத்துருவேன்னு நெனச்சேன்."

பாதியம்மாவின் வாயில் ஆயிரம் வார்த்தை வந்து ஊசிகளில் முட்டியது. ஒரு முனை உள்ளுதட்டில் ஏறியது. அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் வழிந்து திரைமேல் விழுந்தது. வெளிர்நிறத் துணி, கறை தெரியும். தெரியட்டும்.

"இப்ப வலி ரெண்டு" என்றான் கம்பி. "நிஜமாவே ரெண்டுதான்."

அவள் தலையாட்டினாள். இரண்டு.

அவன் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினான், பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண், அவள் சிரிக்கும்போது பல்வரிசை... அப்போது படியில் பலகை கத்தியது. கத்திவிட்டு, அதற்கு மேல் காலடி வரவில்லை. சின்னவள் விடுதியிலிருந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. மிஷின் ஓடாத சத்தத்தைக் கேட்டிருப்பாள். அந்த இடத்தில் நின்றால் மூச்சு எப்படி இருக்கும், கைப்பிடியில் விரல் எப்படி இறுகும் என்று பாதியம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

மேலே வாடி என்று கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? வாய் நிறைய குண்டூசி.